செய்தியைத் தொடங்கியவர் அதை முடித்தும் வைக்க வேண்டாமா? குடியிருப்புப் பகுதிச் செய்திகள் குறித்து ஒரு விவாதம்

வடக்குத்தெருவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் பகுதியின் வாட்ஸ்அப் குழுவில் "குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்" என்று ஒரே வரியில் ஒரு செய்தி வந்தது. யார் சொன்னது, எந்தத் தெருவுக்கு, எந்த நாள் வரைக்கும் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் அது அக்கம்பக்கத்துக் குழுக்களுக்கெல்லாம் போய், அங்கிருந்து எங்கள் குழுவுக்கே இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் நாள் மாலை, எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் பெரியவர் காலிக் குடத்துடன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "தண்ணீர் சரியாகிவிட்டதா, அம்மா? அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டார். செய்தி வந்த நாளிலிருந்து அவர் குழாயைத் திறக்கவே இல்லை.

விசாரித்தபோது, பக்கத்துப் பகுதியில் ஒரு குழாய் உடைந்ததும், அன்றிரவே அது சரிசெய்யப்பட்டதும், எங்கள் தெருவுக்கும் அந்தக் குழாய்க்கும் தொடர்பே இல்லை என்பதும் தெரியவந்தன. செய்தியை முதலில் போட்டவருக்கு மறுநாள் காலையிலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்ற விவரம் தெரிந்திருக்கிறது. அதையும் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர்மேல் பழிபோட இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அன்றிரவு குழுவின் பழைய செய்திகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடப்பதாகப் படத்துடன் ஒரு செய்தி. அதன்கீழே பதினெட்டுப் பேர் கவலை தெரிவித்திருக்கிறார்கள். மூடி மாற்றப்பட்டதா என்று ஒருவரும் எழுதவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தேன், மாற்றியிருக்கிறார்கள். பூங்காவில் காணாமற்போன முதியவர் ஒருவரின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார் என்பதை அவருடைய மகள் சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் தெருவின் 42ஆம் எண் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்கூட நான் எழுதவில்லை.

நம் பகுதியின் செய்திகள் தொடங்குகின்றன, முடிவதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது? உங்கள் பகுதிகளில் என்ன செய்கிறீர்கள்?

படிப்பறைக்காரர்

அம்மா, நீங்கள் எழுப்பியிருக்கும் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து வதந்திகளை ஆராய்ந்து, 1947இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு வதந்தி எவ்வளவு பரவும் என்பது, அந்த விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும், அதைப் பற்றிய விவரம் எவ்வளவு தெளிவற்றது என்பதையும் பெருக்கினால் கிடைப்பது என்றார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்.

குடிநீரின் முக்கியத்துவத்தை யாராலும் குறைக்க முடியாது. ஆகவே நம் கையில் இருப்பது தெளிவின்மையைக் குறைப்பது மட்டுமே. "எங்கே, எப்போது, யார் பார்த்தது" என்ற மூன்றையும் முதல் செய்தியிலேயே எழுதியிருந்தால் அந்த வரி நான்கு குழுக்களைச் சுற்றி வந்திருக்காது. "சரியாகிவிட்டது" என்று மறுநாள் ஒரு வரி வந்திருந்தால் அந்தப் பெரியவர் குடத்தோடு வந்து நின்றிருக்க மாட்டார்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நான் நீர் வழங்கல் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். "தண்ணீரைக் குடிக்க வேண்டாம்" என்ற வரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இதில் சொல் தவறினால் உடல்நலமே கெடும்.

குடிநீர் பற்றிய எச்சரிக்கை மூன்று வகைப்படும். முதல் வகை, "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்பது. குழாய் உடைந்து அழுத்தம் குறைந்து, வெளியிலிருந்து கிருமிகள் உள்ளே புகுந்திருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்போது இதைச் சொல்வார்கள். தண்ணீர் நன்றாகக் கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் அப்படியே விட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதிகளில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் விட வேண்டும். இரண்டாம் வகை, "குடிக்கவே வேண்டாம்" என்பது. தண்ணீரில் வேதிப்பொருளோ நைட்ரேட்டோ ஈயம் போன்ற உலோகமோ கலந்திருக்கும்போது இது வரும். இங்கே கொதிக்க வைப்பது பயன் தராது என்பதோடு, தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சியதில் அந்தப் பொருளின் செறிவு கூடிவிடும். மூன்றாம் வகை, "எதற்குமே பயன்படுத்த வேண்டாம்" என்பது. குளிக்கவும் கூடாது, கை கழுவவும் கூடாது.

குழாய் உடைந்ததற்குப் பெரும்பாலும் முதல் வகை எச்சரிக்கைதான் வரும். அதை யாரோ ஒருவர் தம் நினைவிலிருந்து சுருக்கி எழுதியபோது இரண்டாம் வகையாக மாறியிருக்கிறது. அந்தப் பெரியவர் கொதிக்க வைத்தே தாராளமாகக் குடித்திருக்கலாம். இதற்கு நேர்மாறாக நடந்திருந்தால், அதாவது வேதிப்பொருள் கலந்த தண்ணீரைக் "கொதிக்க வையுங்கள்" என்று யாராவது எழுதியிருந்தால், விளைவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே நீர் பற்றிய அறிவிப்பை எவரும் தம் சொந்தச் சொற்களில் சுருக்காதீர்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு தேதியுடன் முழுமையாகத் தெரியும்படி படம்பிடித்துப் போடுங்கள்.

மழைக்கும் இதே முறையைச் சொல்வேன். "எங்கள் தெரு மூழ்கிவிட்டது" என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறோம். அதை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் செய்ய முடியாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்குகிறது. அதை வீட்டுக்கு வீடு சேர்த்துப் பாருங்கள், தெருக்கோடியில் உள்ள வடிகாலால் எவ்வளவு தாங்க முடியும் என்பது தெரிந்துவிடும். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக நேராக இருக்கும் ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையளவு. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தை வண்ணத்தால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் வடிகாலை அகலப்படுத்தக் கோரியபோது, எங்கள் மனுவைவிட அந்தச் சுவரின் படத்தைத்தான் அதிகாரி நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிவீட்டுக்காரர்

எல்லோரும் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, அதையும் பதிவு செய்கிறேன். செய்தி எழுதுவதற்கு இத்தனை நிபந்தனைகள் வைத்தால் யார் எழுதுவார்கள்? என் தாயாருக்கு எழுபத்தைந்து வயது. அவருக்குத் தட்டச்சு செய்ய வராது, குரல்பதிவுதான் அனுப்புவார். "நம்ம தெருமுனையில கம்பி தொங்குது, குழந்தைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க" என்று அவர் ஒருநாள் பேசி அனுப்பினார். அதில் நேரம் இல்லை, கம்பத்தின் எண் இல்லை, புகார் எண்ணும் இல்லை. ஆனால் அன்று அந்தப் பக்கம் எந்தக் குழந்தையும் போகவில்லை. முறைப்படி எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே பேசலாம் என்றால், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் வாயை நாமே அடைத்துவிடுவோம்.

வடக்குத்தெருவாசி

உங்கள் தாயார் செய்ததுதான் சரி. அறுந்த மின்கம்பியைப் பார்த்தவர் உடனே கூவத்தான் வேண்டும். படிவம் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. விவரங்களைத் தேடிச் சேர்ப்பது கேட்டவர்களின் பொறுப்பு. அந்தக் குரல்பதிவைக் கேட்டு இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்து, கம்பத்தின் எண்ணைக் குறித்து, மின் அலுவலகத்துக்குத் தெரிவித்து, அந்தக் குரல்பதிவுக்குப் பதிலாகவே அதை எழுதியிருந்தால் போதும். தொடங்குபவரும் முடிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தலைப்பில் நான் அப்படி எழுதியது கொஞ்சம் கடுமையாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

இரவுப்பணியாளர்

நான் பல மாதங்களாகப் பேசாமல் படித்துக்கொண்டிருந்தவன். இந்த இழையில் ஒன்றைச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

எனக்கு இரவுப்பணி. பின்னிரவு இரண்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவேன். குடிவந்த புதிதில் ஒருநாள் வாயிற்கதவின் பூட்டு திறக்காமல், கைப்பேசி வெளிச்சத்தில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை குழுவில் என் முதுகின் படம் இருந்தது. "நள்ளிரவில் சந்தேகத்துக்கிடமான நபர், வீடுகளை நோட்டம் பார்க்கிறார், உஷாராக இருங்கள்" என்று அதன்கீழே எழுதியிருந்தது. என் சட்டையின் நிறத்தைப் பற்றியும் என் தோலின் நிறத்தைப் பற்றியும் கருத்துகள் வந்திருந்தன. நான் அந்தக் குழுவில்தான் இருந்தேன். "அது நான்தான், என் வீடுதான்" என்று எழுதினேன். யாரோ ஒருவர் கைகூப்பும் குறியைப் போட்டார். அவ்வளவுதான். படத்தை யாரும் நீக்கவில்லை, மற்ற குழுக்களுக்கு அனுப்பியவர்கள் அங்கே திருத்தம் போடவும் இல்லை. அதற்கு ஒரு மாதம் கழித்து, வேறொரு தெருவில் நடந்து போகும்போது ஒரு பெண்மணி என்னைப் பார்த்துத் தம் குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அது அந்தப் படத்தால்தானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து நான் தெருமுனை வரும்போதே சாவியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன், யாராவது பார்த்தால் தெரியட்டும் என்று.

தண்ணீர் பற்றிய செய்தி முடியாமல் நின்றால் ஒருவர் தாகத்தோடு இருப்பார். மனிதரைப் பற்றிய செய்தி முடியாமல் நின்றால் அவர் வாழ்நாளெல்லாம் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

குழு நிர்வாகி

மேலே எழுதியிருப்பவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவரா, வேறு பகுதியைச் சேர்ந்தவரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் குழுவிலும் இப்படிப்பட்ட படங்கள் வந்திருக்கின்றன, நானும் அவற்றை விட்டுவைத்திருக்கிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், தம்பி.

இது உலகெங்கும் உள்ள சிக்கல். நெக்ஸ்ட்டோர் என்பது அக்கம்பக்கத்தார் செய்தி பகிர்வதற்கென்றே 2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தளம். அங்கேயும் "கறுப்பினத்தவர் ஒருவர் எங்கள் தெருவில் நடக்கிறார்" என்பதையே குற்றச்செய்தி போல எழுதும் வழக்கம் பெருகி, ஓக்லாந்து நகரத்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2016இல் அந்த நிறுவனம் செய்தி எழுதும் படிவத்தையே மாற்றியது. ஒருவரின் இனத்தைக் குறிப்பிட்டால், உடை, தலைமுடி, காலணி போன்ற வேறு அடையாளங்களையும் எழுதினால்தான் செய்தி ஏறும். முதலில் அந்த நபர் செய்த செயல் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இனத்தை வைத்துச் சந்தேகிக்கும் பதிவுகள் அதன்பின் 75 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கணக்கு என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் "என்ன செய்தார்" என்ற ஒரு கேள்வி எழுதுபவரின் கையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி யோசிக்க வைக்கிறது என்பதை என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன். "நின்றார்", "நடந்தார்", "பார்த்தார்" என்பவை செயல்களே ஆகா. "பூட்டை உடைத்தார்" என்றால் அதைக் குழுவில் எழுதுவதற்கு முன் காவல் நிலையத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

இன்று முதல் எங்கள் குழுவில் மனிதர் முகமோ முதுகோ தெரியும் படம் வந்தால் நான் நீக்கிவிடுவேன். பிறர் போட்ட செய்தியையும் எல்லோருக்குமாக நீக்கும் வசதி நிர்வாகிகளுக்கு 2022 முதல் இருக்கிறது. நான்தான் அதைப் பயன்படுத்தாமல் இருந்தேன். காணாமற்போனவர்களின் படத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதையும் ஆள் கிடைத்த அன்றே நீக்க வேண்டும்.

படிப்பறைக்காரர்

நிர்வாகி ஐயாவுக்கு ஒரு சிறு குறிப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பிய பிறகு 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்குப்பின் பழைய செய்தி பழையபடியே கிடக்கும். எனவே முடிவைத் தனிச் செய்தியாகப் போடாமல், பழைய செய்தியைத் தொட்டு அதற்குப் பதிலாகவே எழுதும்படி சொல்லுங்கள். அப்போதுதான் முடிவைப் படிப்பவருக்கு எது முடிந்தது என்பது தெரியும். முடிவை வேறு குழுவுக்கு அனுப்புவோரும் அதில் தெருப்பெயரும் தேதியும் இருக்கும்படி எழுதினால் நல்லது, ஏனென்றால் குழு மாறும்போது பழைய செய்தி கூடவே போகாது.

ஃபார்வர்டு பற்றியும் ஒன்று. குழந்தை கடத்துபவர்கள் வந்திருப்பதாகப் பரவிய பொய்ச்செய்திகளால் இந்தியாவில் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2019இல் அந்தக் கட்டுப்பாடு உலகம் முழுவதற்கும் வந்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதை 2020 முதல் ஒரு சமயத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். நம் தெருவில் நேற்று நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தின்மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது நம் தெருவில் நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நேரில் பார்த்தவர் எழுதிய செய்தியில் அம்புக்குறியே இருக்காது.

பலகைக்காரர்

இங்கே எல்லோரும் கைப்பேசியைப் பற்றியே பேசுகிறீர்கள். கைப்பேசி இல்லாதவர்களை, இருந்தும் குழுவில் இல்லாதவர்களை யார் நினைத்துப் பார்ப்பது?

எங்கள் பகுதியில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் விரும்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு அது இருந்த நிலையைச் சொல்கிறேன்: ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய தாள்கள், மழையில் மை கரைந்து வழிந்த எழுத்துகள், துருப்பிடித்த குண்டூசிகள், எப்போதோ முடிந்துபோன கண் பரிசோதனை முகாமின் அறிவிப்பு. யாரும் அதை நின்று படிப்பதில்லை. எது புதியது என்று தெரியாத பலகையை ஏன் படிக்க வேண்டும்? இப்போது ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் "இந்த நாள் வரை" என்று பெரிதாக எழுதுகிறேன். அந்த நாள் மாலை தாளைக் கிழித்துவிடுகிறேன். சரிசெய்யப்பட்டவற்றை மட்டும் ஒரு வாரம் வைத்திருந்து, சிவப்பு மையில் "முடிந்தது" என்று குறுக்கே எழுதுகிறேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கத்தான் பெரியவர்கள் நிற்கிறார்கள். ஒருமுறை ஓர் அம்மா என்னிடம், "இதையெல்லாம் யாராவது சரிசெய்கிறார்கள் என்பதே இதைப் பார்த்துத்தான் தெரிகிறது" என்றார்.

வெயில் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1995 ஜூலையில் சிகாகோ நகரில் ஒரு வாரத்துக்குள் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். எரிக் கிளைனென்பர்க் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்தபோது, அருகருகே இருக்கும் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் வறுமை உண்டு, இரண்டிலும் தனியாக வசிக்கும் முதியோர் உண்டு, வெயிலும் ஒன்றேதான். வடக்கு லாண்டேலில் இறப்பு விகிதம் ஒரு லட்சத்துக்கு 40. தெற்கு லாண்டேலில் ஒரு லட்சத்துக்கு 4. தெற்கில் தெருவில் ஆள்நடமாட்டம் இருந்தது, கடைகள் திறந்திருந்தன, முதியவர்கள் வெளியே வந்து போனார்கள், அவர்களைக் காணோமே என்று கவனிக்க ஆள் இருந்தது. வடக்கில் கடைகளும் குடும்பங்களும் காலிசெய்து போய், தெருக்களே வெறிச்சோடிக் கிடந்தன. அச்சத்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள் உள்ளேயே இறந்தார்கள்.

ஆகவே எங்கள் பலகையில் கோடை முழுவதும் ஒரு தாள் நிரந்தரமாக இருக்கும்: எந்த வீட்டுக்கு யார் தினமும் ஒருமுறை போய்க் கதவைத் தட்டுகிறார்கள் என்ற முறை பற்றியது அது. தனியாக இருப்பவர்களின் பெயரையும் வீட்டு எண்ணையும் பலகையில் எழுதுவதில்லை, அது திருடனுக்குச் சொல்வது போல் ஆகிவிடும். யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கும். அந்தப் பெரியவரும் குடத்தோடு உங்கள் வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அம்மா. முதல் நாளே யாராவது அவர் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

வடக்குத்தெருவாசி

நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு எழுந்துபோய் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். எதிர்வீடுதான், இருபது அடிதான் இருக்கும். அந்த மூன்று நாட்களும் நான் தினமும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போனேன்.

கூட்டத்துக்குப் போகிறவர்

விளக்கு, வடிகால், தண்ணீர் எல்லாம் முக்கியம்தான். ஆனால் நம் செய்திகளில் இடம்பெறாத ஒன்று உள்ளாட்சிக் கூட்டம். நம் பகுதிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எந்த வேலைக்கு யாருக்கு ஒப்பந்தம் போனது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பார்வையாளராகப் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்து வருகிறேன். பல நாட்களில் நான் மட்டுமே இருப்பேன்.

ஒருவரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய பெல் என்ற சிற்றூர் சான்று. மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு, பெரும்பாலும் உழைக்கும் ஏழைகள். அந்த ஊர்க் கூட்டங்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்து எழுத எந்தச் செய்தித்தாளும் இல்லை. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் செய்தியாளர்கள் வேறொரு விஷயத்தைத் துருவப்போய், அந்த ஊரின் நகர மேலாளர் ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர் சம்பளம் எடுப்பதைக் கண்டுபிடித்தார்கள். பகுதிநேர மன்ற உறுப்பினர்கள்கூட ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் எடுத்தார்கள். செய்தி வெளியானதும் மக்கள் மன்றத்தை முற்றுகையிட்டார்கள். ரிசோவுக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தச் செய்திக்கு 2011ஆம் ஆண்டின் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆனால் பெரிய ஊர்ச் செய்தித்தாளின் கண் தற்செயலாகப் படும்வரை, அந்த ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் வரி கட்டிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் கனடாவின் டொராண்டோ நகரத்துப் புறநகர் ஒன்றில் 109 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் 64 வீடுகளுக்கு அதிவேக இணைய இணைப்பும், அவர்களுக்குள் மடலாடும் குழுவும் இருந்தன. மற்ற வீடுகளுக்கு இல்லை. கீத் ஹாம்ப்டன், பாரி வெல்மன் என்ற ஆய்வாளர்கள் அங்கே நடந்ததைக் கவனித்தார்கள். இணைப்பு இருந்தவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு அண்டைவீட்டாரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள், அடிக்கடி நேரிலும் பேசினார்கள். வீடு கட்டியவர் விட்டுவைத்த குறைகளைப் பற்றி அந்தக் குழுவிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, "என் வீட்டில் மட்டும்" என்று நினைத்திருந்தவர்கள் எல்லோர் வீட்டிலும் அதே குறை இருப்பதைக் கண்டு, சேர்ந்து போய்க் கேட்டார்கள். தனித்தனியாகக் கேட்டபோது தட்டிக் கழிப்பது எளிது. பட்டியலோடு வந்து நின்றால் அது முடியாது.

மாடிவீட்டுக்காரர்

நான் முன்பு தயங்கியதிலிருந்து கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: யார் முடித்துவைப்பது? நம் குழுக்களை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத மனிதர்கள். எங்கள் பகுதியில் முன்பு இருந்த நிர்வாகி, "எல்லோரும் என்னையே கேட்கிறீர்கள்" என்று ஒருநாள் மனம் நொந்து விலகிப் போனார்.

படிப்பறைக்காரர்

அதற்குப் பிரிட்டனில் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளத்தை மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 2007இல் தொடங்கியது. சாலையில் பள்ளம், எரியாத விளக்கு, குப்பை என்று எதைப் புகார் செய்தாலும் அது உரிய உள்ளாட்சிக்குப் போகும், எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்திலும் நிற்கும். நான்கு வாரம் கழித்துப் புகார் செய்தவருக்கே ஒரு மடல் வரும்: "இது சரிசெய்யப்பட்டதா?" அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். நிர்வாகி யாரையும் துரத்த வேண்டியதில்லை. யாருக்குக் கவலை இருந்ததோ அவரிடமே கேள்வி திரும்பிப் போகிறது. நம் குழுக்களில் மடல் அனுப்பும் இயந்திரம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று, முடியாத செய்திகளின் பட்டியலை ஒருவர் போட்டால் அதே வேலை நடக்கும். பட்டியல் போடுபவரை முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

குழு நிர்வாகி

இந்த விவாதத்தை எங்கள் குழுவில் படித்துக்காட்டினேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் "இது அலுவலகமா?" என்று கேட்டுவிட்டு விலகிவிட்டார், அவரை நேரில் பார்த்துப் பேசப்போகிறேன். இப்போதைக்கு ஏற்றுக்கொண்டவை இவைதான். அவசரமானதை யாரும் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். குரல்பதிவு வந்தால் அதைக் கேட்டு எழுத்தில் போட மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கல்லூரி மாணவி. தண்ணீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகளை யாரும் சுருக்கக் கூடாது. மனிதரின் படம் கூடாது. முதல் ஞாயிறு பட்டியலை இந்த மாதம் நான் போடுகிறேன், அடுத்த மாதம் பலகைக்காரர் ஐயா போலச் சிவப்பு மை பிடிக்க ஆள் தேடுகிறேன்.

தம்பி, உங்கள் படம் எங்கள் குழுவில்தான் இருந்தது. பின்னோக்கிப் போய்த் தேடிக் கண்டுபிடித்தேன். நீக்கிவிட்டு, "இவர் நம் பகுதியில் குடியிருப்பவர், தம் வீட்டுக் கதவைத்தான் திறந்துகொண்டிருந்தார், நாம் தவறாக எழுதினோம்" என்று பதிவு செய்திருக்கிறேன். படம் போன மற்ற இரண்டு குழுக்களின் நிர்வாகிகளிடமும் பேசிவிட்டேன். ஒருவர் நீக்கிவிட்டார், இன்னொருவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இரவுப்பணியாளர்

பார்த்தேன், ஐயா. நன்றி. அந்த மூன்றாவது குழுவின் பதிலையும் இங்கேயே எழுதுங்கள்.

வடக்குத்தெருவாசி

என் பங்குக்கு நிலுவையில் இருந்தவற்றை எழுதிவிடுகிறேன். குடிநீர்: எங்கள் தெருவுக்குப் பாதிப்பு இருந்ததே இல்லை, அதை மூல செய்திக்குப் பதிலாகத் தேதியுடன் போட்டாயிற்று, பலகையிலும் ஒட்டியாயிற்று. வடிகால் மூடி: மாற்றப்பட்டிருக்கிறது, படம் போட்டிருக்கிறேன். பூங்காவில் காணாமற்போன பெரியவர்: வீட்டில் நலமாக இருக்கிறார், அவர் மகளின் வேண்டுகோளின்படி படம் நீக்கப்பட்டது. 42ஆம் எண் கம்பம்: நேற்றிரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன், இன்னும் எரியவில்லை. விசாரித்ததில், நான் குழுவில் எழுதினேனே தவிர, மின் அலுவலகத்தில் யாருமே புகார் செய்யவில்லை என்று தெரிந்தது. இன்று காலை செய்துவிட்டேன், புகார் எண்ணைக் குழுவில் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு மீண்டும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.